தாயார் தயார்



தேர்வுகள் முடிந்து, பிள்ளைகள் பகலிலும் கண்ணில் படத் தொடங்கியிருக்கும் மாதம் இது. நீச்சல் வகுப்பு, கையெழுத்துப் பயிற்சி, கோடை முகாம் என்று விளம்பரத் தாள்கள் கதவிடுக்கில் வந்து விழுகின்றன. எதில் சேர்ப்பது என்று நீங்களும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இந்த நேரத்தில் ஒரு பையைப் பற்றி உங்களிடம் சொல்லத் தோன்றுகிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆறாம் வகுப்பில் இருந்தபோது என் மகன் பள்ளியின் சாரணர் படையில் சேர்ந்தான். பெரிய இலட்சியம் எதுவும் காரணமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் பெயர் கொடுத்தான். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் இவனுக்குப் பிடித்துப் போயிற்று. அவ்வளவுதான். சில மாதங்களில் முதல் முகாம் வந்தது. மூன்று பகல், இரண்டு இரவு. பெரியம்மா வீட்டைத் தவிர வேறெங்கும் என்னை விட்டு ஓர் இரவுகூடத் தங்கியறியாதவன்.

பை கட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர். அதன்மேல் கிழமை எழுதி ஒட்டினேன். சோப்பு டப்பா, தேங்காய் எண்ணெய், கொசுவுக்கு ஒரு களிம்பு, தட்டு, டம்ளர், போர்வை. அடியில், பிள்ளை பசி தாங்க மாட்டானே என்று இரண்டு பாக்கெட் முறுக்கு. எங்கள் இதழின் தீபாவளி மலரைக்கூட நான் அவ்வளவு கவனமாக அடுக்கியதில்லை. பேருந்து கிளம்பியதும் எனக்கு ஒரு நிறைவு. எதுவும் விட்டுப்போகவில்லை.

முதல் நாள் இரவு முகாமில் கரண்ட் போயிற்று. மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு டார்ச்சை எடுத்து அடித்திருக்கிறார்கள். இவனுக்கு டார்ச் இருப்பது தெரியும். எங்கே இருக்கிறதென்று தெரியாது. இருட்டில் மொத்தப் பையையும் கொட்டித் தேடியிருக்கிறான். கிழமை ஒட்டிய கவர்கள் எல்லாம் கலந்து, முறுக்கு நொறுங்கி, போர்வை முழுக்க எண்ணெய். கடைசியில் அவனுடைய அணித் தலைவன், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், தன் டார்ச்சைக் காட்டி எல்லாவற்றையும் அள்ளி உள்ளே போடச் செய்திருக்கிறான்.

ஊர் திரும்பியவன் வாசலில் செருப்பைக் கழற்றும் முன் கேட்ட கேள்வி: "அம்மா, டார்ச்சை எங்கேதான் வச்சே?"

உடையாமல் இருக்கட்டும் என்று அதை ஒரு காலுறைக்குள் நுழைத்து, காலுறையைத் துண்டில் சுருட்டி, துண்டை ஞாயிற்றுக்கிழமைக் கவரில் வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடக்காமலேயே சொன்னார்: "தாயார் தயார். பையன்தான் தயாராகலை."

சாரணர் இயக்கத்தின் குறிக்கோளே 'தயாராக இரு' என்பதுதான். உலகம் முழுக்க, எந்த நாட்டுச் சாரணரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அந்த வாக்கியத்தை மகனின் கையேட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். அது அவனுக்குச் சொன்னது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. நான் தயாராக இருந்தால் அவனும் தயார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முகாமுக்கு முன் சாரண ஆசிரியர் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார். கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல். அதன் கீழே ஒரு வரி, பையை மாணவரே கட்ட வேண்டும். எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது. அன்று மாலை அவன் தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு கட்டினான். நான் நிலைப்படியில் சாய்ந்து நின்றேன். சட்டையை மடித்த விதத்தைப் பார்க்கக் கை துறுதுறுத்தது. பேசாமல் இருந்தேன்.

மறுநாள் காலை பேருந்து கிளம்பிய பிறகு மொட்டை மாடிக்குப் போனால், கொடியில் அவன் துண்டு தொங்குகிறது.

நாற்பது கிலோமீட்டர்தானே, பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஆசிரியருக்கே போன் செய்தேன். அவர் சிரித்தார். "வேண்டாம் மேடம். துண்டு இல்லைன்னா என்ன பண்றதுன்னு அவனே யோசிக்கட்டும். ஏப்ரல் வெயில், பத்து நிமிஷத்துல காஞ்சிடுவான்."

காய்ந்துவிட்டான். இன்று வரை துண்டை மறந்ததில்லை. டார்ச் எப்போதும் பையின் வெளிப்பக்க அறையில். கல்யாணத்துக்கு வெளியூர் போனாலும் அவன் பையை அவன்தான் கட்டுகிறான். போன முறை என்னுடைய போன் சார்ஜர் வீட்டிலேயே நின்றுவிட்டது; அவனுடையது வந்திருந்தது.

என் தோழிகளிடம் இதைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "இதுக்கு மார்க் உண்டா?" என்பது. ஒளிக்காமல் சொல்கிறேன். ஆளுநர் பெயரில் தரப்படும் ராஜ்ய புரஸ்கார் விருது, அதற்கும் மேலே குடியரசுத் தலைவர் விருது எல்லாம் உண்டு. ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுப்பதும் உண்டு. ஆனால் அந்த விருதுகளை எட்டப் படிப்படியாகப் பல ஆண்டுகள் ஆகும். சான்றிதழை மட்டும் நினைத்துச் சேர்த்தால் முதல் ஆண்டிலேயே அலுத்துப்போகும். பிள்ளைக்கும் சரி, நமக்கும் சரி.

உள்ளே நடப்பது எளிமையான ஏற்பாடு. படை என்பது ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் கொண்ட சிறு அணிகளாகப் பிரிந்திருக்கும். அணிக்கு ஒரு தலைவன், அதே பள்ளியில் சில வகுப்பு மூத்தவன். கூடாரம் கட்டுவது, விறகு பொறுக்குவது, சமைப்பது, பாத்திரம் தேய்ப்பது என்று வேலைகளை அந்த அணி தனக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். உப்புமா அடிப்பிடித்தால் அடிப்பிடித்த உப்புமாவைத்தான் எல்லாரும் சாப்பிட வேண்டும். வகுப்பில் தவறு செய்தால் தன் மதிப்பெண் குறையும். இங்கே தவறு செய்தால் ஏழு பேருடைய காலைச் சாப்பாடு கெடும். அந்தக் கணக்கு பிள்ளைகளுக்குச் சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

பொறுப்பைச் சிறுவர்கள் கையில் கொடுக்கும் இந்த யோசனை ஒரு போர்க்களத்தில் பிறந்தது. 1899-1900-ல் தென்னாப்பிரிக்காவின் மேஃபெக்கிங் நகரம் 217 நாள் முற்றுகையில் கிடந்தபோது, அங்கிருந்த சிறுவர்கள் சைக்கிளில் செய்தி கொண்டுபோனதைத் தளபதி பேடன் பவல் பார்த்தார். நம்பிக் கொடுத்தால் பிள்ளைகள் செய்வார்கள் என்பது அவர் மனத்தில் தங்கியது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்கரையோரம் பிரவுன்சீ என்ற சிறு தீவுக்கு ஏறத்தாழ இருபது சிறுவர்களை அழைத்துப்போய் முகாம் போட்டார். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில். போர்க்களத்தில் எடுத்த பாடத்தை அமைதிக்கால விளையாட்டாக மாற்றியதுதான் அவர் செய்த வேலை.

நம் நாட்டுக்குச் சாரணர் இயக்கம் 1909-ல் பெங்களூர் வழியாக வந்தது. வந்தபோது ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கோபத்தில் பிறந்த அமைப்புகளில் ஒன்று நம் சென்னையில் தொடங்கியது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார்கள். வெள்ளைக்காரத் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. ஆங்கிலப் பாட்டுக்குப் பதில் இந்தியப் பாட்டு. வடக்கே மதன் மோகன் மாளவியா போன்றவர்கள் சேவா சமிதியின் பெயரில் இதே வேலையைச் செய்தார்கள். தனித்தனியாக இருந்த சங்கங்கள் சுதந்திரத்துக்குப் பின், 1950 நவம்பர் 7-ல் ஒன்றாகிப் பாரத சாரண சாரணியர் இயக்கம் ஆயின. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல் பெண் பிள்ளைகளின் அமைப்பும் அதில் சேர்ந்தது. இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 20,000 பிள்ளைகள் ஒரு வாரம் கூடாரங்களில் தங்கினார்கள்.

'சாரணர்' என்ற சொல்லும் நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரைக்குப் போகும் வழியில் கவுந்தியடிகள் வணங்கும் சமண முனிவரைச் சாரணர் என்றே இளங்கோ சொல்கிறார். ஓரிடத்தில் நில்லாமல் திரிகிறவர். என் மாமியாருக்கு இந்த விவரம் தெரிந்ததும் பேரனைப் பார்த்து, "பேர் பொருத்தமாத்தான் வச்சிருக்கான்" என்றார்.

மாமியார் பேச்சு வந்ததால் முடிச்சுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சாரணருக்கு முடிச்சுகள் முக்கியமான பாடம். கட்டுப்போடும் துணிக்கு ஒன்று, கம்பில் கயிறு கட்ட ஒன்று, கனமான கயிற்றையும் மெல்லிய கயிற்றையும் இணைக்க ஒன்று. ஒருநாள் 'போலைன்' என்ற முடிச்சை ஊஞ்சல் சங்கிலியில் கட்டிப் பழகிக்கொண்டிருந்தான். கிணற்றில் விழுந்தவரைத் தூக்கக்கூடப் பயன்படும், எவ்வளவு இழுத்தாலும் வளையம் இறுகாது என்று எனக்கு விளக்கம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இது மாட்டுக் கழுத்துல போடுற முடிச்சுல்ல? சுருக்குப் போட்டா மாடு இழுக்க இழுக்க இறுகி, உசுரே போயிடும். அதுக்குத்தான் இது."

கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை வாங்கினார். எழுபத்தோரு வயது. கண் பார்வை மங்கல். பார்க்காமலேயே இரண்டு விநாடியில் போட்டார். பேரன் கையேட்டைப் புரட்டிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தான். அதே முடிச்சு. அன்றிலிருந்து அவனுக்கு முடிச்சுப் பாடத்துக்கு இரண்டு ஆசிரியர்கள்.

இன்னொரு பயிற்சி உண்டு. ஒரு தட்டில் இருபத்து நான்கு பொருள்களை வைத்து, ஒரு நிமிடம் காட்டி மூடிவிடுவார்கள். பார்த்ததில் எத்தனை நினைவிருக்கிறது என்று எழுத வேண்டும். கிப்ளிங்கின் நாவலிலிருந்து எடுத்ததால் அதற்குக் 'கிம் விளையாட்டு' என்று பெயர். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அஞ்சறைப்பெட்டிச் சாமான்களை வைத்து விளையாடுவோம். பிழை பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நான்தான் ஒவ்வொரு முறையும் கடைசி.

இது வெறும் விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் இரவு அவன் வந்து மெதுவாகச் சொன்னான்: "பாட்டி இன்னிக்கு பிரஷர் மாத்திரை போடலைம்மா. அட்டையில நேத்து அஞ்சு இருந்துச்சு, இப்பவும் அஞ்சு இருக்கு." அந்த அட்டை எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் கிடந்தது. நானும் அவன் அப்பாவும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருந்தோம்.

தினம் ஒரு நற்செயல் செய்ய வேண்டும் என்பதும் சாரணர் பழக்கம். நினைவுக்காகக் கழுத்துத் துணியின் முனையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு, செய்து முடித்ததும் அவிழ்த்துவிடச் சொன்னார் பேடன் பவல். நான் ஆர்வக்கோளாறில் தினம் மாலை, வீட்டுப்பாடம் கேட்பது போல, "இன்னிக்கு என்ன நற்செயல்?" என்று கேட்கத் தொடங்கினேன். நான்காம் நாள் அவன் சொன்னான்: "சொல்லிக் காட்டினா கணக்குல சேராதும்மா." அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை.

எல்லாம் இனிப்பாகவே இருந்தது என்று எழுதினால் நான் நேர்மையானவள் ஆகமாட்டேன். ஒருமுறை ஒரு விழாவுக்கு வரும் விருந்தினரை வரவேற்க, சீருடையில் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திவைத்தார்கள். விருந்தினர் வர இரண்டு மணி நேரம் தாமதம். ஒரு சின்னப் பையன் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கிப்போய்ச் சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, கால்களை உயர்த்திப் படுக்க வைத்தவர்கள் அதே வரிசையில் நின்ற மூத்த சாரணர்கள். முதலுதவிப் பாடம் உதவியது. ஆனால் அந்தப் பாடத்துக்கு அங்கே வேலை வந்திருக்கவே கூடாது. கோயில் திருவிழாவில் தண்ணீர் கொடுப்பதும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும் சேவை. பெரியவர்களின் ஆடம்பரத்துக்குப் பிள்ளைகளை அலங்காரமாக நிறுத்துவது சேவையில் சேராது. அன்று சில பெற்றோர்கள் சேர்ந்துபோய்ப் பேசினோம். பிறகு அப்படி நடக்கவில்லை.

சில பள்ளிகளில் படை என்பது ஆண்டறிக்கையில் மட்டும் இருக்கும். சுதந்திர தின அணிவகுப்புக்கு ஒரு வாரம் முன்பு மட்டும் விசில் சத்தம் கேட்கும். சேர்ப்பதற்கு முன், வாராவாரம் கூடுகிறார்களா என்று விசாரியுங்கள்.

அதைவிட முக்கியமான விசாரணையும் உண்டு. 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தி, மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமை நம் எல்லாரையும் உலுக்கியது. அதற்கும் சாரணர் இயக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சீருடையும் விசிலும் இருந்தாலே நம்பிவிடக் கூடாது என்று அது கற்றுக்கொடுத்தது. முகாம் என்று சீட்டு வந்தால் கேளுங்கள்: நடத்துவது யார், மாவட்டச் சங்கத்துக்குத் தெரியுமா, இரவு தங்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர், பெண் பிள்ளைகளோடு பெண் ஆசிரியர்கள் இருக்கிறார்களா, பக்கத்தில் கிணறோ குளமோ இருந்தால் யார் காவல், உடம்புக்கு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி. நல்ல சாரண ஆசிரியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். முகச்சுளிப்பு வந்தால், பிள்ளையை அனுப்பாதீர்கள். துண்டை மறக்க விடுவது வேறு; பாதுகாப்பை மறப்பது வேறு. முன்னது பிள்ளையின் வேலை, பின்னது நம் வேலை.

இப்போது அவன் ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டான். அணித் தலைவன். போன மாதம் முகாமுக்குப் புதிதாக வந்த ஒரு குட்டிப் பையன் இருட்டில் பையைக் கொட்டித் தேடினானாம். அம்மா கட்டிக்கொடுத்த பை. இவன் டார்ச் அடித்துக் காட்டினானாம். இதைச் சொல்லும்போது என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தான்.

"அடுத்த வருஷம் பத்தாவது, இனிமே சாரணர் எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். நான் அந்த முடிவையும் அவனிடமே விட்டிருக்கிறேன். வாரம் ஒரு மணி நேரம் போவேன், முகாம்களை மட்டும் குறைத்துக்கொள்வேன் என்று அவனே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறான்.

காட்டு வழியில் பின்னால் வருகிறவர்களுக்காகச் சாரணர்கள் தரையில் குறிகள் போட்டுக்கொண்டு போவார்கள். அம்புக்குறி என்றால் இந்த வழி. பெருக்கல் குறி என்றால் இது வழியில்லை. வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால், வீட்டுக்குப் போய்விட்டேன். கென்யாவில் நியேரி என்ற ஊரில் இருக்கும் பேடன் பவலின் கல்லறையில் அந்தக் கடைசிக் குறியைத்தான் பொறித்திருக்கிறார்கள். என் மகன் பள்ளி விட்டு வந்ததும் வாசல்படி ஓரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுப் புள்ளி வைக்கிறான். அலுவலகத்திலிருந்து இரவு திரும்பும்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் உள்ளே நுழைகிறேன். மாமியார் ஒருநாள் கோலம் அரைகுறையாக நிற்கிறது என்று நினைத்து இன்னும் நாலு புள்ளி சேர்த்துவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று பேரன் கையேட்டில் தேடிக்கொண்டிருந்தான்.

எல்லாப் பள்ளியிலும் சாரணர் படை இருக்காது. எல்லாப் பிள்ளைக்கும் அது பிடிக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இந்த விடுமுறையில் எல்லாரும் எங்காவது ஊருக்குப் போகத்தான் போகிறோம். கிளம்பும் முன்தினம் ஒரு காலிப் பையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மறுநாள் கொடியில் துண்டு தொங்கினால் பார்த்தும் பாராதது போல் பூட்டைப் பூட்டுங்கள்.

வெயில் காலம்தானே. பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்